விவரம் இருக்கிறது, கரு இல்லையாம்: ஒரு பாசிக் கதையை முன்வைத்து

தாழைமடல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். பாம்பன் சின்னப்பாலம்தான் எனக்கு ஊர். ஒன்பது பக்கத்தில் ஒரு சிறுகதை எழுதி, போன மாதம் ஒரு வாசகர் கூட்டத்தில் வாசித்தேன். எந்தக் கூட்டம் என்பது வேண்டாம். “விவரமெல்லாம் பிரமாதம், கரு இல்லையே” என்று சொல்லிவிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை.

கதை இதுதான். அம்மா கடல்பாசி எடுக்கிறவள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கடலடிப் பாறைத் திட்டில், எங்கள் பேச்சில் பாரில், முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறாள். மகள் மதுரையில் நர்சிங் படிக்கிறாள். கதையைச் சொல்வதும் அவள்தான். ஊர் ரேஷன் கடைக்குக் கைரேகைக் கருவி வருகிறது. முப்பது வருடம் கல்லில் உரசிய விரலைக் கருவி ஏற்கவில்லை. மூன்று தடவை போகிறாள், மூன்று தடவையும் வெறும் பையோடு திரும்புகிறாள். கடைசிப் பத்தி: “உழைத்த கைக்கு இந்த நாடு கொடுத்த பரிசு இதுதானா என்று கடல் தன் அலைகளால் கேட்டது. பதில் சொல்லத்தான் யாருமில்லை.”

உத்தி என்று பார்த்தால் நிறையவே வைத்திருக்கிறேன். அம்மா விரலில் சுற்றும் துணி மகளுடைய பழைய பள்ளிச் சீருடையில் கிழித்தது, அது குறியீடு. மகள் தன் போனில் அம்மாவின் விரலைப் பதியப் பார்த்து, பதியாமல், எல்லாரும் சிரிக்கிற காட்சி ஆரம்பத்திலேயே வருகிறது. நடுவில் பாட்டி 1964 புயலைச் சொல்கிறாள். இவ்வளவு போட்டும் கரு இல்லையென்றால் கரு எங்கேதான் இருக்கும்? முழுக் கதையையும் இணைத்திருக்கிறேன். கோபப்படாமல் கேட்டுக்கொள்கிறேன், சொல்லுங்கள்.

துபாய் கீழக்கரை

வாசித்தேன். கரு தெளிவாகத்தானே இருக்கிறது? பாசி எடுக்கும் பெண்களின் கஷ்டம். கூட்டத்தில் இருந்தவர்கள் தூங்கியிருப்பார்கள்.

உப்புக்காற்று

தம்பி, நீங்கள் சொல்வது கதை எதைப் பற்றியது என்ற கேள்விக்குப் பதில். “பாசிக்காரர்களின் கஷ்டம்” என்ற தலைப்பில் செய்திக் கட்டுரை எழுதலாம், மனுவும் எழுதலாம். அந்தக் கஷ்டத்தில் இந்த ஒருத்தி மட்டும் கண்டுபிடித்தது என்ன என்பதில்தான் கரு தொடங்குகிறது. இந்தக் கதையில் அது இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஒருத்தியுடைய வேலையே அவள் இன்னார் என்று காட்டுகிற அடையாளத்தை அழித்துவிடுகிறது, அப்புறம் உலகம் அவளிடமே “நீ யார்?” என்று கேட்கிறது. பெரிய விஷயம் இது. ஆனால் அது கைரேகை வரும் ஐந்தாம் பக்கத்தில்தான் எழுந்து உட்காருகிறது. முதல் நான்கு பக்கமும் வேறு ஏதோ கதைக்காக எழுதியவை போல இருக்கின்றன.

கூட்டத்தார் சொன்னது இதைத்தானோ என்னவோ. டீயை மறந்துவிட்டு இன்னும் இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கலாம்.

புன்னைநிழல்

நான் முப்பத்தோரு வருடம் தமிழ் நடத்தியவன். இந்தக் குழப்பத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு. “இக்கதையின் கருப்பொருள் யாது?” என்று வினாத்தாளில் போடுவோம். பிள்ளைகள் “உழைப்பே உயர்வு தரும்” என்று எழுதிவைப்பார்கள். நாங்களும் மதிப்பெண் போட்டுவிடுவோம்.

தொல்காப்பியத்தில் கருப்பொருள் என்றால் அந்த நிலத்தில் கிடக்கிற பொருள்கள். தெய்வம், உணவு, மரம், பறவை, தொழில், பறை, யாழ் என்று போகும். நாம் இன்று ‘கரு’ என்று சொல்வதற்கு அங்கே உரிப்பொருள் என்று பெயர். நம் நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். இந்த இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொண்டதில்தான், பொருள் தனியாகவும் கருத்து தனியாகவும் நிற்கிற கதைகள் வருகின்றன என்பது என் சந்தேகம்.

பழைய ஆட்கள் இதைக் கெட்டிக்காரத்தனமாகச் செய்தார்கள். உள்ளுறை என்பது தெய்வத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற கருப்பொருள்களை வைத்துச் சொல்வது. உள்ளத்தில் இருப்பதைத் தலைவி சொல்லமாட்டாள், நண்டும் நாரையும் சொல்லும். குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று. அவன் அவளோடு கூடியபோது சாட்சி யாருமில்லை, ஒரு குருகு மட்டும் நின்றது. அதுவும் ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது. “எனக்குச் சாட்சியே இல்லை, நான் ஏமாந்தேன்” என்பதை எழுத ஒரு பறவையின் பசி போதுமாக இருந்திருக்கிறது.

தாழைமடல் அம்மா, உங்கள் கதையில் கருப்பொருள் நிறைய இருக்கிறது. துணி, கண்ணாடி, பார், பாசி, பை. இவற்றில் எது இரங்குகிறது, எது சும்மா இடத்தை அடைக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.

மூக்கையூரான்

ஐயா, ரேஷன் கடை வரிசையில் நின்றவளைக் கூட்டிக்கொண்டு சங்க காலத்துக்குப் போய்விட்டீர்கள்.

எனக்கு அந்தக் கடைசிப் பத்தி பிடித்திருக்கிறது. எங்கள் சனம் எழுதத் தெரியாமல் இருந்த காலம் போய் ஒருத்தி எழுத வந்தால், உடனே “கோபத்தைக் குறை, பூடகமாகச் சொல், நண்டை வைத்துச் சொல்” என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். வயிறு நிறைந்தவனுக்குப் பூடகம் சரி. அரிசி கிடைக்காதவள் வாய்விட்டுக் கேட்கட்டுமே.

உப்புக்காற்று

கேட்கட்டும் அண்ணே, நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அந்தப் பத்தியில் கேட்பது யார்? கடல். கடலைக் கேட்கவிட்டதும் அம்மா கேட்காதவள் ஆகிவிட்டாள். ஒன்பது பக்கம் அவளோடு முங்கி எழுந்தேன், கடைசி மூன்று வரியில் அவளிடமிருந்து பேச்சைப் பிடுங்கித் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கோபம் அதில்தான்.

மூக்கையூரான்

இதை யோசிக்கவில்லை. சரி, அப்படியென்றால் அவளே ஏதாவது சொல்லட்டும். ஆனால் சும்மா மட்டும் போகக்கூடாது.

வத்தைக்காரன்

நான் படித்தவன் இல்லை, எட்டாவதோடு சரி. ஆனால் கதை வாசிப்பேன். தங்கச்சி, உன் கதையில் சில சங்கதி இடிக்கிறது. சின்னப்பாலத்துப் பிள்ளை இப்படி எழுதலாமா?

“அம்மா தினமும் பாசிக்குப் போவாள்” என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. தினமும் எங்கே போகமுடியும்? அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள். அப்போதுதான் தண்ணீர் நன்றாக வற்றும், பாரும் கைக்கு எட்டும். மற்ற நாளில் போனால் மூச்சு வீணாகும், பாசி வராது.

அடுத்து, சீருடைத் துணி. இப்போதைய சீருடையெல்லாம் பாலியஸ்டர் கலந்தது. தண்ணீருக்குள் வழுக்கும், முடிச்சு நிற்காது, கல்லில் பிடிமானமும் கிடைக்காது. எங்கள் வீட்டில் பழைய கைலியைத்தான் கிழிப்பார்கள். நூல் துணி ஊறினால் விரலைக் கவ்விப் பிடிக்கும்.

மூன்றாவது, கதையில் யாருக்கும் பயமே இல்லை. மன்னார் வளைகுடாவில் இருக்கிற 21 தீவையும் சுற்றியிருக்கிற கடலையும் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அதற்கப்புறம் தீவை ஒட்டிப் பாசிக்குப் போகிற பெண்கள் பாதிக் கண்ணைத் தண்ணீரிலும் பாதிக் கண்ணைத் தூரத்தில் வனத்துறைப் படகு சத்தம் வருகிற பக்கமும்தான் வைத்திருப்பார்கள். உன் அம்மாவுக்கு அது தெரியாதா?

தப்பாக எடுத்துக்காதே.

தாழைமடல்

அண்ணே, வெட்கமாக இருக்கிறது. அமாவாசைக் கணக்கு எனக்குத் தெரியும். “தினமும்” என்று எழுதினால் கஷ்டம் கூடுதலாகத் தெரியும் என்று நினைத்து எழுதிவிட்டேன். சீருடை விஷயம் சுத்தமாகத் தெரியாது. படிப்பு, தாய், தியாகம் எல்லாம் ஒரு துணியில் அடங்குகிறதே என்று எனக்கே அன்று பெருமையாக இருந்தது.

துபாய் கீழக்கரை

இதெல்லாம் தகவல் பிழை. திருத்தினால் போச்சு. கருவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

உப்புக்காற்று

சம்பந்தம் இருக்கிறது தம்பி. வத்தைக்காரன் அண்ணன் தகவல் திருத்துகிற மாதிரி இருந்தாலும், அவர் தொட்டது கதையின் உத்தியைத்தான்.

முதலில் நாள் கணக்கு. “தினமும்” என்றால் காலம் தட்டையாகிவிடுகிறது, ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் வித்தியாசம் இல்லை. அமாவாசைக்கு அமாவாசை என்றால் கதைக்கு மூச்சு வந்துவிடுகிறது, ஏற்றமும் வற்றமும் வருகின்றன. ரேஷன் கடைக்காரர் “நாளைக்கு வாங்க” என்று சொல்கிற நாளை தண்ணீர் வற்றுகிற நாளில் வையுங்கள். கடைக்குப் போனால் பாசி போச்சு, பாசிக்குப் போனால் அரிசி போச்சு. ஒரு வார்த்தைகூட விளக்கவேண்டாம், நாள்காட்டியே பார்த்துக்கொள்ளும். மூன்று தடவை வெறும் பையோடு வந்தாள் என்று எண்ணிக்கையால் அடுக்குவதைவிட இது வலிக்கும்.

சீருடைக்கு வருகிறேன். அது பொய்யான குறியீடு என்று சந்தேகப்பட்டேன், ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. அண்ணன் காரணத்தைச் சொல்லிவிட்டார். வழுக்குகிறது! கதைக்குள் அந்தப் பொருளுக்கு வேலை இல்லை, ஆசிரியருக்கு மட்டும்தான் வேலை இருந்தது. குறியீடு முதலில் பொருளாக உழைக்கவேண்டும். தண்ணீருக்குள் நிற்காத துணி கதைக்குள்ளும் நிற்காது.

புன்னைநிழல்

வழிமொழிகிறேன். பிள்ளைகள் “இங்கே சிவப்பு நிறம் எதைக் குறிக்கிறது?” என்று குறியீடு தேடிக் கண்டுபிடிப்பதை நாங்களே பழக்கிவிட்டோம். இன்று எழுதுகிறவர்கள் அந்தக் கேள்விக்குப் பதிலை முதலில் தயார்செய்துகொண்டு, அப்புறம் பொருளைத் தேடுகிறார்கள்.

தாழைமடல்

சீருடையை எடுத்துவிட்டேன். கைலி என்று மாற்றியதும் வேறொன்று நடந்தது. எழுதிப் பார்த்தேன்: “பெட்டியில் இருந்த கடைசிக் கைலியை எடுத்து விரற்கடை அகலத்தில் கிழித்தாள்.” மகள் மட்டும் இருக்கிற வீட்டில் கைலி எப்படி வந்தது? கதையில் அப்பாவைப் பற்றி அரைப் பக்கம் எழுதி, கடலில் போனவர் என்றெல்லாம் விளக்கியிருந்தேன். அந்த அரைப் பக்கத்தை அடித்துவிட்டேன். கடைசிக் கைலி என்ற சொல்லே போதும் என்று தோன்றுகிறது. போதுமா?

வத்தைக்காரன்

போதும் தங்கச்சி. எங்களுக்கு விளங்கும்.

மூக்கையூரான்

உங்களுக்கு விளங்கும் அண்ணே. கோயம்புத்தூர்க்காரனுக்கு?

உப்புக்காற்று

அவனுக்குப் பாதி விளங்கும். மீதியை நினைத்துக்கொண்டே அடுத்த பக்கம் போவான், அதுவும் நல்லதுதான்.

துபாய் கீழக்கரை

1964 புயலைப் பற்றி யாருமே பேசவில்லையே. கதையில் எனக்குப் பிடித்த இடமே அதுதான். டிசம்பர் 22 ராத்திரி, தனுஷ்கோடி போன ரயில், பாட்டி மணல்மேட்டில் நின்று பார்த்தது. மயிர் கூச்செறிந்தது.

மூக்கையூரான்

இதில் நான் எதிர்க்கட்சி. ராமேசுவரம் பக்கம் யார் கதை எழுதினாலும் அந்த ரயில் வந்தே தீருகிறது. பாலமும் வரும், புயலும் வரும், அழிந்த சர்ச் சுவரும் வரும். அவ்வளவு பெரிய சாவைக் கதைக்குள் கொண்டுவந்தால், ஒரு விரலில் ரேகை அழிந்தது அதன் பக்கத்தில் கொசுவாகத் தெரியும். உங்கள் அம்மாவுக்கு நடந்தது ஒரே ராத்திரியில் நடந்த அழிவா? முப்பது வருடம் நூல் நூலாகத் தேய்ந்தது. இரண்டும் வேறு.

புன்னைநிழல்

மூக்கையூராரே, முதலில் பூடகம் வேண்டாம் என்றீர்கள், இப்போது எங்களைவிட நன்றாகவே நுணுக்கம் பார்க்கிறீர்கள்.

மூக்கையூரான்

ஐயா, வேண்டாம் என்று சொல்ல அது என்னவென்று தெரிந்திருக்கவேண்டும் அல்லவா.

தாழைமடல்

புயலை எடுக்க மனசு வரவில்லை. பாட்டி உண்மையாகவே சொன்னது. ஆனால் மூக்கையூரார் சொன்னது சரி. எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன், வேறு கதைக்கு ஆகும்.

இப்போது ஒரு பெரிய சந்தேகம். கதையை மகள் “நான்” என்று சொல்கிறாள். “அம்மாவின் விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வெடிக்கும்” என்று தொடங்குகிறது. மாற்றவேண்டுமா?

உப்புக்காற்று

மாற்றியே ஆகவேண்டும். நெஞ்சு முதல் வரியிலேயே வெடித்துவிட்டால் வாசகனுக்கு என்ன மிச்சம்? அதைவிட முக்கியமானது, மகள் மதுரையிலிருந்து பார்க்கிறாள். அவளுக்கு அம்மாவின் விரல் பரிதாபமான பொருள். அம்மாவுக்கு அது கருவி. இருட்டான தண்ணீரில் எது மரிக்கொழுந்து, எது கட்டக்கோரை என்று தடவியே தெரிந்துகொள்கிற விரல் அது. அந்தத் திறமை மகளுடைய “நான்” வழியாக வரவே வராது, இரக்கம்தான் வரும். ரேகை இல்லாத விரல் கடலுக்குள் எல்லாவற்றையும் படிக்கிறது, கடையில் அந்த விரலைப் படிக்கத்தான் ஆளில்லை. இந்த முரண்நகை உங்கள் கதையிலேயே இருக்கிறது. யார் கண் வழியாகச் சொல்கிறோம் என்பதைத் தப்பாகப் பிடித்ததால் மூடிக் கிடக்கிறது.

துபாய் கீழக்கரை

வரிசையில் நிற்கிறவர்கள் “நாங்கள்” என்று சொன்னால் எப்படி? புதிதாக இருக்கும்.

உப்புக்காற்று

புதிதாக இருக்கும். ஆனால் அந்த “நாங்கள்” கடலுக்குள் இறங்க முடியாதே.

தாழைமடல்

நேற்று ராத்திரி கரண்ட் இல்லை. போன் வெளிச்சத்திலேயே இரண்டு இடத்தை மாற்றி எழுதினேன். “அவள்” என்று எழுதி, அம்மாவுக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

கடலில்: “முங்கினாள். கை கல்லைத் தேடியது. வழுவழுப்பு வேண்டாம், சொரசொரப்பு வேண்டும். கிடைத்தது. பறித்தாள். ஏறினாள். மூச்சு. திரும்ப முங்கினாள்.”

கடையில்: “விரலை வைக்கச் சொன்னான். வைத்தாள். எடுக்கச் சொன்னான். எடுத்தாள். துடைத்துவிட்டு வைக்கச் சொன்னான். வைத்தாள். பச்சை விளக்கு வரவில்லை. திரும்ப வைக்கச் சொன்னான்.”

புன்னைநிழல்

இரண்டையும் அடுத்தடுத்து வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். நடை ஒன்றேதான். ஒரே மாதிரிக் குட்டி வாக்கியங்கள், ஒரே “திரும்ப”. தெரிந்தே செய்தீர்களா?

தாழைமடல்

இல்லை ஐயா. நீங்கள் சொன்ன பிறகுதான் பார்க்கிறேன்.

புன்னைநிழல்

அப்படியே விடுங்கள். கடலில் அவள் தானாக முங்கினாள், கடையில் சொல்லச் சொல்ல முங்குகிறாள். வினைமுற்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு “சொன்னான்” வந்து உட்கார்ந்துவிட்டது. நீங்கள் கருத்துச் சொல்லவே தேவையில்லை, இலக்கணமே சொல்லிவிட்டது. என் பணிக்காலத்தில் இப்படி ஓர் எடுத்துக்காட்டு கிடைத்திருந்தால் ஒரு வாரம் நடத்தியிருப்பேன்.

மூக்கையூரான்

நன்றாகவே இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. இப்போது பல கடைகளில் கண்ணின் கருவிழியை வைத்துப் பதியும் கருவியும் வந்துவிட்டது. குடும்ப அட்டையில் பெயர் உள்ள வேறொருவர் விரல் வைத்தாலும் அரிசி கொடுப்பார்கள். வாசிக்கிறவன் “மகள் வந்து வைக்கவேண்டியதுதானே?” என்று கேட்டால் கதை முடிந்தது.

தாழைமடல்

கைரேகை மட்டும் இருந்த காலத்தில் நடப்பதாக வைத்திருக்கிறேன். மகள் விடுதியில் இருக்கிறாள், தேர்வு நேரம். அம்மா போனில் கூப்பிட்டு “பரீட்சை எப்படி எழுதுற?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். அரிசியைப் பற்றி வாயே திறப்பதில்லை. இது போதுமா, இல்லை காரணம் சொல்லவேண்டுமா?

வத்தைக்காரன்

எந்தத் தாய் சொல்லுவாள், பரீட்சை நேரத்தில்?

உப்புக்காற்று

போன் என்றதும் நினைவு வருகிறது. அம்மா விரல் மகள் போனில் பதியாமல் எல்லாரும் சிரிக்கிற காட்சியைத் தயவுசெய்து அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போவதை முன்னாலேயே காட்டுகிற முன்சாடைகளில் கதையில் சிறந்தது அதுதான். சாடை என்பதே தெரியாமல், சிரிப்பு என்ற வேடத்தில் வருகிறது. அம்மாவும் சேர்ந்து சிரிக்கிறாள். கடையில் அதே விரல் அதே மாதிரி நிற்கும்போது நாம் அந்தச் சிரிப்புக்காக வெட்கப்படுவோம். ஆனால் அந்தக் காட்சியின் கடைசியில் “பாவம், அம்மாவின் விரல் தேய்ந்துவிட்டது என்று அன்று எனக்குப் புரியவில்லை” என்று ஒரு வரி இருக்கிறதே, அதை எடுத்துவிடுங்கள். சாடையைக் கையைப் பிடித்துக் காட்டினால் அப்புறம் அது சாடை இல்லை.

தாழைமடல்

எடுத்தாச்சு அக்கா. இனி முடிவுதான் பாக்கி. கடல் பேசக்கூடாது, அம்மா சும்மாவும் போகக்கூடாது. மூன்று நாளாக அவள் வாயில் வசனம் வைத்துப் பார்க்கிறேன். எல்லாம் மேடைப் பேச்சு மாதிரி வருகிறது.

வத்தைக்காரன்

கரையில் ஒருத்தரையொருத்தர் பார்த்தால் என்ன கேட்போம்? “பாடு எப்படி?” அவ்வளவுதான். பெரிய பெரிய சங்கதி எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். மீன் கிடைத்திருந்தால் எத்தனை கிலோ என்று சொல்வான். கிடைக்கவில்லை என்றால் “என்னத்தப் பாடு” என்பான். மேலே யாரும் கேட்கமாட்டோம்.

புன்னைநிழல்

ஆகா. வத்தைக்காரரே, இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?

‘படு’ என்ற வினையிலிருந்து வந்ததுதான் பாடு. வலையில் மீன் படுவதும் பாடு. மனுஷி படுவதும் பாடு, “அவள் பட்ட பாடு” என்கிறோமே. பொழுது படுவதும் பாடு. நெய்தலுக்குச் சொல்லிய சிறுபொழுது எற்பாடு, எல் என்றால் ஞாயிறு, அது சாய்கிற நேரம். கிடைத்ததற்கும் வருந்தியதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற மொழி இது. கடைக்காரர் கருவியைப் பார்த்துவிட்டு என்ன சொல்லுவார்? “ரேகை படலைம்மா. விரல் நல்லாப் படுற மாதிரி வைங்க.”

தாழைமடல்

ஐயா, உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உடனே எழுதுகிறேன்.

தாழைமடல்

எழுதிவிட்டேன். புதிய வடிவத்தை இணைத்திருக்கிறேன். பாடு என்ற சொல் பதினோரு இடத்தில் வருகிறது.

உப்புக்காற்று

பதினொன்றா! மூன்றாக்குங்கள். நான்காவது தடவை வரும்போது வாசகன் சொல்லைப் பார்க்கமாட்டான், உங்களைப் பார்ப்பான்.

துபாய் கீழக்கரை

எனக்குப் பதினொன்றும் பிடித்தது. ஆனால் அக்கா சொன்னால் சரி.

தாழைமடல்

மூன்றாக்கிவிட்டேன். கரையில் ஒன்று, கடையில் ஒன்று, கடைசியில் ஒன்று. இப்போதைய முடிவு இது:

“வழியில் பக்கத்து வீட்டுக்காரி எதிரே வந்தாள். ‘பாடு எப்படிக்கா?’ என்றாள். பையைப் பார்க்காமல்தான் கேட்டாள். அவள் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். ‘நாளைக்கு அமாவாசை’ என்றாள்.”

மூக்கையூரான்

கோபம் இல்லை என்று சொல்ல வந்தேன். நாலு தடவை வாசித்தேன். இருக்கிறது. ஆனாலும் எனக்குள் ஒரு குரல், இன்னும் கொஞ்சம் சத்தமாக இருந்தால் என்ன என்றுதான் கேட்கிறது. அந்தக் குரலை நான் விடப்போவதில்லை.

புன்னைநிழல்

விடாதீர்கள். அடுத்த கதைக்குத் தேவைப்படும்.

வத்தைக்காரன்

தங்கச்சி, இதை யாராவது பாசிக்குப் போகிறவர்களிடம் வாசித்துக் காட்டினாயா?

தாழைமடல்

நேற்றுச் சாயங்காலம் அம்மாவுக்கே வாசித்தேன் அண்ணே. மீன் ஆய்ந்துகொண்டே கேட்டார்கள். கைலி கிழிக்கும் இடத்தில் கத்தி கொஞ்ச நேரம் நின்றது. வேறெதுவும் சொல்லவில்லை. முடிந்ததும் ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னார்கள்: “ரேகை படலைன்னா துடைச்சுட்டு வையுன்னு மட்டும் சொல்லமாட்டாங்கடி. தலையில எண்ணெய் இருக்கும், முடியில விரலத் தேச்சுட்டு வையும்பாங்க. நானும் தேச்சேன். பாசிக்குப் போயிட்டு வந்த தலையில எண்ணெய் எங்க இருக்கும், உப்புதான இருக்கும்.”

அதை அப்படியே சேர்த்துவிட்டேன்.